மேல் வீட்டில் இடிப்பு வேலை: இறங்கி வரும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா?

மூன்றாம்மாடி கேட்டது:

வணக்கம். 1970களில் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்பு. எங்களுக்கு நேர் மேலே உள்ள வீட்டில் குளியலறை, சமையலறை இரண்டையும் முழுசாகப் பெயர்த்துப் புதுப்பிக்கிறார்கள். பழைய ஃபால்ஸ் சீலிங் பலகை, வினைல் தரை டைல், ஷாஃப்டுக்குள் (எல்லா மாடிக்கும் பொதுவான குழாய்ப் புழை) போகும் சாம்பல் நிறக் குழாய் எல்லாம் உடைந்து வெளியே வருகிறது. எங்கள் குளியலறை எக்ஸாஸ்ட் கிரில் வழியாக மாவு போன்ற வெள்ளைத் தூசி இறங்குகிறது. லிஃப்டிலும் மாடிப்படியிலும் அதே தூசி. ஒப்பந்ததாரரைக் கேட்டால் "வெறும் சிமெண்ட் தூசி, துடைத்தால் போய்விடும்" என்கிறார். வேலைக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) சோதனை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

என் கேள்விகள்: இதை எப்படி உறுதி செய்வது? வீட்டில் இருக்கும் காற்றுத்தர மீட்டர் காட்டிக்கொடுக்குமா? வேலையை நிறுத்தச் சொல்வதா, இல்லை குறிப்பிட்ட முறையில் செய்யச் சொல்வதா? ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட தூசியை என்ன செய்வது? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

இழைஎண்ணி எழுதியது:

கண்ணால் பார்த்தோ தூசியின் நிறத்தை வைத்தோ யாராலும் சொல்ல முடியாது. "சிமெண்ட் தூசிதான்" என்பதற்கு ஆய்வக அறிக்கை இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது ஊகம். பழைய கட்டடத்தில் முடிவு தெரியும்வரை "இருக்கிறது" என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் முறை.

கட்டிய காலம் ஓரளவு துப்புக் கொடுக்கும். பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸின் பழுப்பு, நீல வகைகளை 1985இலும் வெள்ளை வகையை 1999இலும் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் தடை வந்தது 2003 டிசம்பர் 31இல். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005இல். கனடாவில் 2018 கடைசியில். சில நாடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1970களின் கட்டடம் என்றால் எந்த நாடாக இருந்தாலும் சந்தேகப் பட்டியலில்தான்.

நீங்கள் சொன்ன மூன்று பொருளும் ஒரே மாதிரி ஆபத்து அல்ல. சாம்பல் நிறக் குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால் அதில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் இழை இருக்கும், சிமெண்டுக்குள் இறுகிப்போயிருக்கும். முழுசாகக் கழற்றினால் தூசி குறைவு. கிரைண்டர் போட்டால் கதையே வேறு. வினைல் டைலிலும் இழை பிசினுக்குள் சிக்கியிருக்கும். டைலை விட அதன் அடியில் இருக்கும் கறுப்புப் பசையை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. எனக்குக் கவலை தருவது ஃபால்ஸ் சீலிங் பலகை. ஜிப்சமாக இருந்தால் பிரச்சினை இல்லை. அதுவே தீத்தடுப்புக்குப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் இன்சுலேஷன் பலகையாக இருந்தால், கால்வாசி வரைகூட அமோசைட் (பழுப்பு வகை) இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேலே. மென்மையான பலகை, கையால் ஒடித்தாலே விளிம்பிலிருந்து இழை கொட்டும். சூடான குழாய்களைச் சுற்றியிருக்கும் பழைய லேகிங் (வெப்பக்காப்பு உறை), இரும்பு உத்தரங்கள் மேல் பீய்ச்சியடித்த பூச்சு இரண்டும் இதைவிட மோசம். ஷாஃப்டுக்குள் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

உறுதி செய்ய வழி, பொருளிலிருந்தே மாதிரி எடுப்பது. உடைத்த பிறகு தூசியைத் துழாவுவதை விட உடைப்பதற்கு முன் பலகையில் ஒரு துண்டு எடுப்பது எளிது, விடையும் தெளிவாகக் கிடைக்கும். பயிற்சி உள்ளவர் எடுப்பது இப்படி: எக்ஸாஸ்ட், ஏசி எல்லாம் நிறுத்தம். எடுக்கும் இடத்தில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரை நன்றாகத் தெளித்து ஊற விடுவார். பிறகு கூரான கத்தியால் முழு ஆழத்துக்கும் போகும்படி ஒரு பெருவிரல் நக அளவுத் துண்டு. மேல் பெயின்டை மட்டும் சுரண்டி அனுப்பினால் பயனில்லை. ஜிப் பையில் போட்டு, துடைத்து, இன்னொரு பையில் போட்டு, எந்த அறை எந்தச் சுவர் என்று எழுதுவார். வெட்டிய இடத்தை டேப்போ பெயின்டோ போட்டு மூடுவார். டைலும் பசையும் தனித்தனி மாதிரி.

ஒரு மாதிரி போதுமா என்றால், பொருளைப் பொறுத்தது. தொழிற்சாலையில் செய்த பலகைக்கு ஒவ்வொரு வகைக்கும் ஒன்றிரண்டு போதும். தளத்திலேயே கலந்து பூசிய பூச்சு இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்கப் பள்ளிக் கட்டடங்களுக்கான விதியில் இப்படிப்பட்ட பூச்சுக்கு 1000 சதுர அடி வரை 3 மாதிரி, 5000 வரை 5, அதற்கு மேல் 7. நல்ல அளவுகோல்.

ஆய்வகத்தில் முதலில் பார்ப்பது ஒளிமுனைவு நுண்ணோக்கியில். பலகை, சிமெண்ட், லேகிங் எல்லாவற்றுக்கும் அது போதும். வினைல் டைலுக்கு மட்டும் எச்சரிக்கை: இழையை மிக நைசாக அரைத்துக் கலந்திருப்பார்கள், அந்த நுண்ணோக்கியில் சிக்காமலே போகலாம். டைல் மாதிரியில் "இல்லை" என்று வந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக் காற்றுத்தர மீட்டர் உதவாது. அது துகளின் அளவைத்தான் பார்க்கிறது, எந்தப் பொருள் என்று அல்ல. வெங்காயம் தாளித்தாலும் எகிறும். தூசி வருகிற நேரம் எது, வழி எது என்று கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிரில் அருகில் வைத்து மேலே டிரில் ஓடும்போது எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

தளப்பொறியாளர் எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். நான் தூசி வரும் வழியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் குடியிருப்பவர்கள் கையில் இருப்பது அதுதான்.

தூசி கான்கிரீட் தளத்தைத் துளைத்து வராது. குழாய் தளத்தைக் கடக்கும் இடத்தில் இருக்கும் சந்து, பொது ஷாஃப்ட், சேர்ந்திருக்கும் எக்ஸாஸ்ட் டக்ட், மின்வயர் போகும் கான்டுயிட், வாசல் கதவின் கீழ் இடுக்கு, இவைதான் வழி. இதில் பலரும் கவனிக்காதது: உங்கள் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் சமையலறை சிம்னியையும் ஓட விட்டால் உங்கள் வீட்டில் காற்றழுத்தம் குறையும். குறைந்தால் ஷாஃப்டிலிருந்தும் வராந்தாவிலிருந்தும் காற்றை உங்கள் வீடே இழுத்துக்கொள்ளும், தூசியோடு. "தூசி வெளியே போகட்டும்" என்று ஃபேன் போடுவது இங்கே எதிர்விளைவைத்தான் தரும்.

ஆகவே இன்றே செய்யக்கூடியது: மேலே வேலை நடக்கும் நேரத்தில் எக்ஸாஸ்டும் சிம்னியும் நிறுத்தம். எக்ஸாஸ்ட் கிரில் மேல் தடித்த பாலிதீன் வைத்து நான்கு பக்கமும் டேப். கிரில்லைக் கழற்றாதீர்கள், உள்ளே படிந்திருப்பது கொட்டும். டேப் ஒட்டும் முன் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள், தூசி மேல் டேப் நிற்காது. வாஷ்பேசின், கழிப்பறைக் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் வளையத் தகடு இருக்கும். அதைச் சுற்றியும் டேப். வாசல் கதவின் கீழே ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள். வேலை நடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து, அதில் ஒரு ஃபேனை உள்ளே வீசுமாறு வைத்தால் உங்கள் வீட்டில் அழுத்தம் கொஞ்சம் கூடி, இடுக்கு வழியாகக் காற்று வெளியே போகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, உயிர் போகிற விஷயம்: குளியலறையிலோ சமையலறையிலோ கேஸ் கீசர் இருந்தால் அதன் புகைபோக்கியையும் காற்று வழியையும் மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அரை மணியில் ஆளைச் சாய்த்துவிடும். காற்று வழியை மூடியே ஆக வேண்டும் என்றால், மூடியிருக்கும் காலம் முழுக்க கீசரைத் தொடாதீர்கள்.

இனி மேல் வீட்டில் எப்படி நடக்க வேண்டும். சோதனையில் பலகை ஆஸ்பெஸ்டாஸ் என்று வந்தால் சாதாரண இடிப்புக் குழு அதைத் தொடக்கூடாது, உரிமம் உள்ள அகற்றும் குழு வேண்டும். அவர்கள் அந்த அறையையே பாலிதீன் கூண்டாக்குவார்கள். 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிமன் ஷீட், தரைக்கு இரண்டு அடுக்கு, ஓரத்தில் சுவர் மேல் மடித்து ஏற்றி. ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிப்பது) உள்ள உறிஞ்சும் யூனிட் ஒன்று கூண்டுக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே அழுத்தம் வெளியை விட குறைந்தது 5 பாஸ்கல் குறைவாக இருக்கும்படி. கணக்கு எளிது: 3 மீட்டருக்கு 2 மீட்டர் குளியலறை, உயரம் 2.7 என்றால் 16 கன மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 8 முறை காற்று மாற வேண்டும் என்றால் மணிக்கு சுமார் 130 கன மீட்டர் உறிஞ்சினால் போதும். சின்ன யூனிட்டே தாங்கும். ஆனால் அதன் வெளிக்குழாய் வெளிச்சுவர் ஜன்னல் வழியாகப் போக வேண்டும். ஷாஃப்டுக்குள் விட்டால் ஃபில்டர் ஒரு நாள் கிழிந்தாலும் எட்டு மாடிக்கும் பங்கு.

அழுத்தம் நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் யூனிட் அல்ல, மறந்துபோன ஓட்டை. தரை வடிகால், சுவிட்ச் பெட்டியின் பின்பக்கம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாய் சுவரைக் கடக்கும் இடம். வேலை தொடங்கும் முன் கூண்டுக்குள் புகை விட்டுப் பார்ப்பார்கள்; அந்த நேரம் உங்கள் குளியலறையில் நின்று புகை வருகிறதா என்று பாருங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு, அவர்களுக்கும் அது உதவி.

பலகையை நெம்பிப் பெயர்க்கக் கூடாது. திருகின் தலை பெயின்டுக்குள் மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, ஈரமாக்கி, பக்கத்தில் ஹெப்பா வாக்யூம் முனையைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகக் கழற்றி, பலகையை முழுசாக இறக்க வேண்டும். பின்பக்கம் பெயின்ட் இருக்காது, தண்ணீரை நன்றாகக் குடிக்கும். அங்கேயும் தெளிக்க வேண்டும். பைக்குள் அடங்கவில்லை என்று பலகையை முட்டியில் வைத்து உடைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதுவரை காத்த கட்டுப்பாடு எல்லாம் அந்த ஒரு ஒடிப்பில் போய்விடும். பெரிய துண்டுகளைப் பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் போட்டுத்தான் இறக்க வேண்டும்.

குழாய்: இணைப்பைத் தளர்த்தி முழு நீளமாகக் கழற்றுவது நல்லது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஈரமாக்கி, சங்கிலிக் கட்டரால் நறுக்கலாம். கிரைண்டர், வட்ட ரம்பம் தடை.

டைல்: சூடுகாற்றுத் துப்பாக்கியால் இளக்கி, ஸ்க்ரேப்பரைத் தாழ்வாகச் செலுத்தினால் முழுசாக எழும்பும். அடியில் ஒட்டிய கறுப்புப் பசையை மெஷினில் தேய்க்கவே கூடாது. தரை உறுதியாக இருந்தால் டைலை எடுக்காமல் மேலேயே புதுத் தரை போடுவதுதான் என் விருப்பம். செலவும் குறைவு, தூசியும் இல்லை. ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று கட்டடப் பதிவேட்டில் எழுதி வைக்காவிட்டால், பின்னால் வருகிறவர் அதிலேயே டிரில் போடுவார்.

பழையகட்டடம் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அறிக்கை வந்ததும் எல்லோரும் நிம்மதியாகி, தூசியை அப்படியே பறக்க விடுவார்கள். "வெறும் சிமெண்ட் தூசி" என்பதே தப்பான ஆறுதல். கான்கிரீட்டையும் பீங்கான் டைலையும் கிரைண்டரில் வெட்டும்போது பறப்பது படிகச் சிலிக்கா. அதுவும் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருள்தான், உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துக் கதவு, ஜன்னல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது உடனடியான கவலை. தவழ்ந்து, தொட்டு, விரலை வாயில் வைக்கும் வயது. பெயின்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆகவே அறிக்கை எப்படி வந்தாலும் கேட்க வேண்டியவை: வெட்டும்போது தண்ணீர் அல்லது உறிஞ்சும் இணைப்பு, வாசலில் ஜிப் வைத்த பாலிதீன் திரை, ஷாஃப்ட் சந்துகள் மூடல், இடிபாடு திறந்த சாக்கில் லிஃப்டில் இறங்காமல் இருப்பது, வராந்தாவைத் துடைப்பத்தால் கூட்டாமல் தினமும் ஈரமாகத் துடைப்பது.

இழைஎண்ணி எழுதியது:

@பழையகட்டடம் சரிதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: சிலிக்காவுக்குச் செய்யும் ஏற்பாடு மென்மையான இன்சுலேஷன் பலகைக்குப் போதாது. திரை மட்டும் போட்டு அதை உடைத்தால் அனுமதிக்க முடியாது. பொருள் என்ன என்று தெரிந்த பிறகுதான் எந்த அளவு ஏற்பாடு என்று முடிவு செய்ய முடியும்.

மூன்றாம்மாடி எழுதியது:

மிக்க நன்றி. சங்கத்தின் மூலம் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியாகிவிட்டது, பலகையிலும் டைலிலும் மாதிரி எடுக்க ஒப்புக்கொண்டார்கள். முடிவு வரும் வரை, குளியலறைத் தரையிலும் அலமாரி மேலும் இருக்கும் தூசியை என்ன செய்வது? வீட்டு வாக்யூமில் உறிஞ்சினால் போதுமா? சர்ஜிக்கல் மாஸ்க் போதுமா? நாங்கள் இதுவரை சுவாசித்ததற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

தளப்பொறியாளர் எழுதியது:

வீட்டு வாக்யூம் வேண்டாம். அதன் பையும் ஃபில்டரும் பெரிய தூசியைப் பிடித்து, நுண்ணிழையைப் பின்பக்கம் வழியாக அறை முழுக்க ஊதிவிடும். "ஹெப்பா" என்று பெட்டியில் அச்சடித்த வீட்டு மெஷினும் நம்பகமல்ல. ஃபில்டர் நல்லதாகவே இருந்தாலும் உடம்பின் பொருத்துகளில் கசியும், பையை மாற்றும்போது கொட்டும். இதற்கென்று சோதித்த எச் வகுப்பு மெஷின் தனி. துடைப்பமும் வேண்டாம்.

முதலில் படிய விடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பழைய கையேட்டில் ஒரு கணக்கு உண்டு: 3 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீள இழை இறங்க சுமார் 4 மணி, 2 மைக்ரானுக்கு 20 மணி, 1 மைக்ரானுக்கு 80 மணி. வீட்டுக் காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை, ஆக இதற்கு மேலும் ஆகும். குளியலறைக் கதவைச் சாத்தி, குறைந்தது ஒரு ராத்திரி முழுக்க யாரும் நுழையாமல் விடுங்கள்.

மாதிரி முடிவு இன்சுலேஷன் பலகை அல்லது லேகிங் என்று வந்து, தூசி கண்ணுக்குத் தெரியும் அளவு படிந்திருந்தால் நீங்கள் துடைக்க வேண்டாம். அந்தச் சுத்தமும் அகற்றும் குழுவின் வேலை, செலவு வேலையைச் செய்வித்தவருடையது. மெல்லிய படலம்தான், அல்லது முடிவு இன்னும் வரவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்.

மாஸ்க்: சர்ஜிக்கலும் துணியும் பயனில்லை. என்95ஐ ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு ஏற்பதில்லை. பி100 ஃபில்டர் போட்ட அரைமுக ரப்பர் மாஸ்க், அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க். தாடி இருந்தால் எதுவும் முகத்தோடு ஒட்டாது, மழிக்க வேண்டும். கையுறை, தூக்கி எறியக்கூடிய பழைய உடை.

தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, முதலில் மேற்பரப்பில் பனி போலத் தெளியுங்கள். பீய்ச்சி அடித்தால் தூசி எழும்பும். பழைய பருத்தித் துணியை நனைத்து நாலாக மடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே, உள்மூலையிலிருந்து கதவை நோக்கி, ஒரே திசையில் ஒரு இழுப்பு. அடுத்த இழுப்புக்கு மடிப்பை மாற்றி சுத்தமான முகம். முகம் எல்லாம் தீர்ந்ததும் துணி நேராகப் பைக்குள். அதே வாளியில் அலசி மறுபடி துடைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. வாளி முழுக்க இழையாகி, காய்ந்த பிறகு தரை முழுக்கப் பரவியிருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பிறகு இன்னொரு முறை முழுசாகத் துடையுங்கள். துணி, கையுறை எல்லாம் ஈரம் காயும் முன் தடித்த பையில், பையின் கழுத்தை முறுக்கி மடித்து டேப், அதன் மேல் இன்னொரு பை, மேலே "ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம்" என்று எழுதி. முடிவு வரும்வரை குப்பைத்தொட்டியில் போடாமல் தனியே வையுங்கள்.

மெத்தை, கம்பளம், பஞ்சு பொம்மை ஆகியவற்றைத் துடைத்துச் சுத்தமாக்க முடியாது. குளியலறை மிதியடி போன்ற சின்னதை ஈரமாக்கி அதே பையில் போட்டுவிடுவது எளிது. அலமாரிக்குள் மடித்து வைத்த துணி பொதுவாகப் பிரச்சினை இல்லை. மேலே திறந்து கிடந்ததை உதறாமல், தனியாகத் துவையுங்கள். ஏசி ஓடியிருந்தால் அதன் ஃபில்டரைக் கழற்றும் முன் ஈரமாக்குங்கள்.

தொழில்நலம் எழுதியது:

உடல்நலக் கேள்விக்கு வருகிறேன்.

எக்ஸ்ரே வேண்டாம். இப்போது எடுத்தால் எதுவும் தெரியாது. சி.டி. எடுத்தால் குழந்தைக்கு வீணான கதிர்வீச்சுதான் மிச்சம். ஆஸ்பெஸ்டாஸ் நோய்கள் வெளிப்பட நீண்ட காலம் பிடிக்கும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள். இந்த வாரம் உங்களுக்கு இருமலோ கண் எரிச்சலோ இருந்தால் அது சிமெண்டின் காரத்தன்மையாலும் ஜிப்சத்தாலும் வரும் எரிச்சல். ஆஸ்பெஸ்டாஸ் உடனடி அறிகுறி எதையும் காட்டாது. அதனாலேயே "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வதில் பொருள் இல்லை.

அளவைப் பற்றி நேர்மையாகச் சொன்னால்: பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்பட்ட அடிமட்ட அளவு கிடையாது, ஆனால் அபாயம் மொத்தமாகச் சுவாசித்த அளவோடு ஏறி இறங்குகிறது. ஆஸ்பெஸ்டோசிஸ் என்னும் நுரையீரல் இறுக்கம் ஆண்டுக்கணக்கில் கடுமையான தூசியில் வேலை செய்தவர்களுக்கு வருவது. கிரில் வழியாகச் சில நாள் இறங்கிய தூசியால் வராது. புற்றுநோய் அபாயம் பூஜ்யம் என்று சொல்ல முடியாது, மிகச் சிறியது என்று சொல்லலாம். பதறுவதில் பயனில்லை, தூசியைத் தொடர விடுவதுதான் கணக்கைக் கூட்டும். குழந்தை விஷயத்தில் கூடுதல் கவனம் ஏன் என்றால், முன்னால் இருக்கும் ஆயுள் நீளம், தரையோடு விளையாடும் உயரம்.

வகையும் முக்கியம். அமோசைட், குரோசிடோலைட் (நீல வகை) இரண்டும் மீசோதீலியோமா விஷயத்தில் வெள்ளை வகையான கிரைசோடைலை விட வீரியமானவை. ஆனால் "வெள்ளைதானே, ஆபத்தில்லை" என்ற பேச்சை ஏற்காதீர்கள். எல்லா வகையுமே மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவை. வீட்டில் புகைப்பவர் இருந்தால், புகையும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூட்டல் கணக்கை விட அதிகமாக ஏறும் என்பதைச் சொல்லுங்கள். இந்த வீட்டில் எக்ஸ்ரேயை விடப் பலன் தருவது அந்த ஒன்றை நிறுத்துவது.

தேதிகள், எந்த அறை, ஆய்வக முடிவு இவற்றைக் குடும்ப மருத்துவரிடம் சொல்லிக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் இப்போது மருத்துவத்தில் செய்ய எதுவும் இல்லை.

மூன்றாம்மாடி எழுதியது:

முடிவு வந்தது. டைலிலும் பசையிலும் இல்லை (எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்தாயிற்று). சீலிங் பலகையில் அமோசைட். உரிமம் உள்ள குழுவைக் கூப்பிடுகிறார்கள். வேலை முடிந்ததும் "காற்றுச் சோதனை செய்து சான்றிதழ் தருவோம்" என்கிறார்கள். அந்தச் சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

இழைஎண்ணி எழுதியது:

முதலில், யார் தருகிறார்கள் என்று பாருங்கள். அகற்றும் குழுவே தன் வேலைக்குத் தானே சான்று கொடுக்கக் கூடாது. ஆய்வாளரை வீட்டுக்காரரோ சங்கமோ நேரடியாக அமர்த்த வேண்டும்.

காற்றுச் சோதனை கடைசிக்கு முந்தைய படிதான். அதற்கு முன்னால் ஆய்வாளர் கூண்டுக்குள் போய், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு பரப்பையும் பார்க்க வேண்டும். திருகு துளைகள், பலகை உட்கார்ந்திருந்த மரச்சட்டத்தின் மேல்பக்கம், குழாய்க்குப் பின்னால். விரலால் தடவினால் தூசி ஒட்டக்கூடாது. இந்தப் பார்வையில் தேறாமல் காற்றுச் சோதனைக்குப் போகக் கூடாது. மூலையில் துண்டு கிடந்தாலும் அசையாத காற்றில் எண் நன்றாகவே வரும்.

அதனால்தான் மாதிரி எடுக்கும்போது பரப்புகளைத் தூரிகையால் கிளறியபடி எடுப்பார்கள், சில நாடுகளில் காற்றூதும் கருவியே போடுவார்கள். அமைதியான அறையில் எடுத்தது என்றால் அந்த அறிக்கை செல்லாது.

அடுத்தது அளவு. பிரிட்டன் முறையில் ஒவ்வொரு மாதிரிக்கும் 480 லிட்டர் காற்றை ஃபில்டர் வழியாக இழுப்பார்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் ஒரு மணி நேரம். ஒரு மில்லிலிட்டருக்கு 0.01 இழைக்குக் கீழே இருந்தால்தான் தேறியதாகக் கணக்கு. அறிக்கையில் லிட்டர் எண்ணைத் தேடுங்கள். 40, 50 லிட்டர் இழுத்துவிட்டு "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருந்தால், அவ்வளவு குறைந்த காற்றில் 0.01ஐக் கண்டறியவே முடியாது. இழுத்தது குறைவு என்பதைத்தான் அது சொல்கிறது.

சிலர் 0.1 என்ற எண்ணைக் காட்டி "வரம்புக்குள்தான்" என்பார்கள். அது அமெரிக்காவில் தொழிலாளி ஒருவருக்கு 8 மணி நேரச் சராசரியாக விதித்த எண். ஐரோப்பிய ஒன்றியம் தொழிலாளர்களுக்கே 2023இல் அதை 0.01 ஆகக் குறைத்துவிட்டது. குழந்தை தூங்கும் வீட்டுக்கு 0.1 எண்ணை யாரும் பேசக்கூடாது.

எண் 0.01க்கு மேலே வந்தால் உடனே பதற வேண்டாம். சாதாரண நுண்ணோக்கி முறை 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் 3 மைக்ரானுக்குக் கீழ் தடிமனும், நீளம் தடிமனைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் இருக்கும் எதையும் எண்ணும். கண்ணாடி இழை, காகித இழை, ஜிப்சம் ஊசி எல்லாம் கணக்கில் வரும். அதே ஃபில்டரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். எண் குறைவாக வந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

தளப்பொறியாளர் எழுதியது:

உங்கள் நிலையில் மேல் வீட்டுச் சான்றிதழ் மட்டும் போதாது. தூசி ஏற்கெனவே ஷாஃப்டுக்குள் விழுந்திருக்கிறது. அகற்றும் குழு எழுதித் தரும் வேலைப் பட்டியலில் ஷாஃப்டின் உள்பக்கமும், உங்கள் எக்ஸாஸ்ட் கிளையும், லிஃப்ட் தரையின் கதவுத் தண்டவாளமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு கேட்டால் கூடுதல் வேலை என்பார்கள். உங்கள் குளியலறையிலும் ஒரு காற்று மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வாளர் எப்படியும் பம்போடு வந்திருப்பார்.

ஷாஃப்டைச் சுத்தம் செய்வது மேலிருந்து கீழே. அந்த நாளில் ஷாஃப்டைத் தொடும் எல்லா மாடிகளிலும் எக்ஸாஸ்ட் நிறுத்தம், கிரில் மூடல். ஒரு வீட்டில் ஃபேன் ஓடினாலும் எல்லாம் அங்கே போகும். சங்கத்தை முதல் நாளே எல்லா வீட்டுக்கும் எழுத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள், கதவில் ஒட்டினால் போதாது, ஒவ்வொருவரிடமும் பதில் வாங்க வேண்டும்.

அதே பலகை மற்ற ஏழு மாடிக் குளியலறைகளிலும் இருக்க வாய்ப்பு அதிகம், ஒரே காலத்தில் ஒரே ஆள் போட்டது. உடைக்காமல், பெயின்ட் உரியாமல் இருந்தால் அப்படியே விடலாம். ஆய்வக அறிக்கையின் நகலைச் சங்கக் கோப்பில் வைத்து, புதுப்பிப்புக்கு அனுமதி கேட்டு வருகிறவருக்கு முதல் தாளாக அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். மேலோட்டமாகப் பார்த்து எழுதும் பராமரிப்பு ஆய்வு அவர்களுக்குப் போதாது. சீலிங்கைத் திறந்து, சுவரைத் துளைத்துப் பார்க்கும் புதுப்பிப்புக்கு முந்தைய ஆய்வைத்தான் கேட்க வேண்டும்.